அசோசியேற் டிகிரி எண்டா அரை டிகிரியோ? உற்பத்தித் தொழில்நுட்பப் படிப்பைப் பற்றி யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு விளக்கம்

பெரியம்மான்ர மகள், கொக்குவில் அக்கா, போன கிழமை ஒரு கொப்பித்தாளை மடிச்சுக்கொண்டு வீட்ட வந்தா. மூத்தவன் ஏ.எல். மட்ஸ் எடுத்து ரெண்டு தரமும் கம்பசுக்கு எடுபடுற அளவுக்கு இசட் ஸ்கோர் வராமல் போச்சுது, மூண்டாம் தரம் எடுக்கிறதோ விடுறதோ எண்டு வீட்டில நாள்தோறும் பட்டிமன்றம், அதுக்குள்ள அத்தான்ர தம்பி அமெரிக்காவில இருந்து ஒரு கோர்ஸ் பாத்து அனுப்பியிருக்கிறார். தாள்ல எழுதியிருந்தது, இன்டஸ்ரியல் புரொடக்சன் ரெக்னோலொஜியில அசோசியேற் டிகிரி. அக்கா கேட்ட கேள்வி நேரானது. "தம்பி, உது டிகிரியோ டிப்ளோமாவோ? டிகிரி எண்டா ஏன் ரெண்டு வருசம்? அரைவாசியில விட்ட படிப்போ?"

நான் ஒரு சாப்பாட்டுப் பொருள் பைக்கற் பண்ணுற இடத்தில புரொடக்சன் பக்கம் கன வருசம் நிண்டவன், நானும் டிப்ளோமாக்காரன் தான், அதால அந்தக் கேள்வி எனக்குக் கொஞ்சம் சுட்டது எண்டும் சொல்லலாம். அவவுக்குச் சொன்னதை இஞ்ச கொஞ்சம் விரிச்சு எழுதுறன், ஏனெண்டா இதே கேள்வியோட இன்னும் கன வீடுகள் இருக்கும்.

முதல்ல பேர். அசோசியேற் டிகிரி எண்டது அமெரிக்கப் படிக்கட்டில ஒரு படி. அங்க ஹைஸ்கூல் முடிச்சவுடன நாலு வருசக் கம்பஸ் போறது ஒரு வழி, ஊருக்குள்ள இருக்கிற கொம்யூனிற்றி கொலிஜுக்குப் போய் ரெண்டு வருசம் படிக்கிறது இன்னொரு வழி. இந்த ரெண்டு வருசக் கொலிஜ் கதை 1901இல இலினோய் மாநிலத்தில ஜோலியெற் எண்ட ஊரில தொடங்கினது, ஹைஸ்கூலோட ஒட்டிப் பிறந்த கொலிஜ் அது, இப்பவும் நடக்குது. பிறகு ஜனாதிபதி ட்ரூமன் நியமிச்ச உயர்கல்விக் கொமிசன் 1947இல இந்த மாதிரிக் கொலிஜுகளை நாடு முழுக்கப் பரப்பவேணும் எண்டு சொன்னதுக்குப் பிறகு தான் அது வேகமா வளர்ந்தது. அசோசியேற் டிகிரிக்கு வழமையா 60 கிரெடிற் (பாட அளவுப் புள்ளி), நாலு வருசப் பச்சிலர் டிகிரிக்கு 120. கணக்காப் பாத்தா அரைவாசி தான், அக்கா சொன்னது பிழையில்லை. ஆனா எந்த அரைவாசி எண்டதில தான் விசயம் கிடக்குது.

ஏனெண்டா அதுக்குள்ளயே ரெண்டு சாதி இருக்கு. ஒண்டு அசோசியேற் ஒஃப் சயன்ஸ், சுருக்கமா ஏஎஸ். இதில கல்குலஸ், பிசிக்ஸ், கெமிஸ்ற்றி எண்டு பச்சிலர் டிகிரியின்ர முதல் ரெண்டு வருசத்தையே படிப்பிப்பினம், முடிச்சிட்டு நாலு வருசக் கம்பசுக்கு மூண்டாம் வருசத்தில போய் ஏறலாம் எண்டது தான் நோக்கம். மற்றது அசோசியேற் ஒஃப் அப்ளைட் சயன்ஸ், ஏஏஎஸ். இது நேரா வேலைக்குப் போறவைக்கு. மெசின், டிரோயிங், தரக்கட்டுப்பாடு எண்டு கைவேலைப் பாடம் கூட, தியறி கணக்குக் குறைவு, அதால பிறகு பச்சிலர் செய்யப் போனா எல்லாக் கிரெடிற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டினம், சில இடத்தில பாதிக்குப் பாதி வெட்டுவினம். உற்பத்தித் தொழில்நுட்பம் எண்டு வாற கோர்சுகள் பெரும்பாலும் இந்த ரெண்டாவது சாதி. கோர்ஸ் பேரைப் பாத்துச் சந்தோசப்படுறதுக்கு முதல் இந்த ஒரு எழுத்து வித்தியாசத்தைப் பாக்கவேணும். அத்தான்ர தம்பியிட்டக் கேட்டுப் பாத்தா அவருக்கே அது தெரியேல்ல, பாவம் அவர் பெற்றோல் ஸ்ரேசன் வைச்சிருக்கிறார், அவர் எங்கால அறியிறது.

அமெரிக்க அரசாங்கத்தின்ர பாடவகைப் பட்டியல்ல இது 15.06 எண்ட இலக்கத்துக்குள்ள வருது. அது ஒரு குடைப்பேர். அதுக்குக் கீழ பிளாஸ்ரிக் தொழில்நுட்பம், உலோகத் தொழில்நுட்பம், மனுஃபக்சரிங் தொழில்நுட்பம், வெல்டிங், இரசாயனப் பொறியியல் தொழில்நுட்பம், செமிகொண்டக்டர் எண்டு தனித்தனிக் கிளை இருக்கு. அதால ஒரு கொலிஜில இந்தக் கோர்ஸ் எண்டா உலோகம் கடையிற லேத்தும் கொம்பியூட்டர் ஓட்டுற சிஎன்சி மெசினும், இன்னொரு கொலிஜில இதே கோர்ஸ் எண்டா குழாயும் வால்வும் இரசாயனத் தாங்கியும். கொலிஜைச் சுத்தி என்ன பக்ரறி இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரித் தான் பாடம் அமையும், ஊர் முதலாளிமார் வந்து ஆலோசனைக் குழுவில இருந்து "எங்களுக்கு இப்பிடியான ஆள் வேணும்" எண்டு சொல்லுவினம். இது எனக்குப் பிடிச்ச விசயம். எங்கட பக்கம் பாடத்திட்டம் கொழும்பில இறங்கி இஞ்ச வந்து சேரேக்குள்ள பக்ரறியே மாறிப்போயிடும்.

சரி, படிக்கிறது என்ன? இதைப் புத்தகப் பாசையில சொன்னா ஒண்டும் விளங்காது, தூள் கதையில சொல்லுறன்.

யாழ்ப்பாணத்தில மிளகாய்த்தூள் செய்து பைக்கற் அடிச்சு ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்புற சின்னச் சின்ன இடங்கள் கனக்க இருக்கு. வேலை என்ன? செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், மிளகு எல்லாம் வெயில்ல காயவைக்கிறது, பதமா வறுக்கிறது, மில்லில இடிக்கிறது, அரிக்கிறது, ஆறவிடுறது, நிறுத்துப் பைக்கற்றில போட்டுச் சீல் பண்ணுறது. இப்ப ஒரு கணக்குக்கு, ஒரு நாளைக்கு 2000 பைக்கற் வேணும் எண்டு ஓடர் வந்திட்டுது. வேலைநேரம் தேத்தண்ணி, சாப்பாடு கழிச்சு 450 நிமிசம், செக்கனில 27000. அதை 2000ஆல பிரிச்சா 13.5 செக்கன். அதாவது 13.5 செக்கனுக்கு ஒரு பைக்கற் வெளியில விழவேணும். இதுக்கு உற்பத்திக்காரர் வைச்ச பேர் ராக்ற் ரைம், ஜேர்மன் சொல், வாத்தியக்காரன்ர தாளக் குச்சி மாதிரி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. தவில்காரர் பிடிக்கிற தாளத்துக்கு நாதஸ்வரம் போகாட்டிக் கச்சேரி என்ன மாதிரி இருக்குமோ அப்பிடித் தான் பக்ரறியும்.

இப்ப ஒவ்வொரு வேலையையும் மணிக்கூட்டை வைச்சு அளந்து பாக்கிறம். மில் ஒரு பைக்கற்றுக்கான தூளை 9 செக்கனில இடிச்சுப் போடுது. நிறுக்கிற பிள்ளைக்கு 11 செக்கன். சீலர் மெசின்ல நிக்கிற பிள்ளைக்கு 18 செக்கன். 27000ஐ 18ஆல பிரிச்சா 1500. அப்ப நீங்கள் தலைகீழா நிண்டாலும் ஒரு நாளைக்கு 1500 பைக்கற்றுக்கு மேல ஏலாது. இதில பாருங்கோ, முதலாளி என்ன செய்வார் தெரியுமோ, ஓடர் கூடினவுடன பாங்கில லோன் எடுத்து இன்னொரு பெரிய மில் வாங்குவார், ஏனெண்டா எங்கட கண்ணுக்கு மில் தானே பெரிசாத் தெரியிற மெசின், சத்தமும் போடுது, ஆக்களுக்குக் காட்டவும் நல்லாயிருக்கும். மில் வந்த பிறகும் 1500 தான் வெளியில வரும், சீலருக்கு முன்னால தூள் மலையாக் குவியும், குவிஞ்சது ஈரம் பிடிக்கும், பிறகு பூஞ்சணம். மில்லோட ஒப்பிட்டா அற்பக் காசுக்கு இன்னொரு சீலர் வாங்கி வைச்சிருந்தா விசயம் முடிஞ்சுது. இந்தத் தடங்குற இடத்தைக் கண்டுபிடிக்கிறது தான் இந்தப் படிப்பின்ர முதலாவது பாடம் எண்டு நான் சொல்லுவன். இதுக்கு எஞ்சினியர் தேவையில்லை, மணிக்கூடும் கொப்பியும் நாலு நாள் பொறுமையும் காணும், ஆனா எப்பிடி அளக்கிறது எண்டு ஆராவது ஒருக்காப் படிப்பிச்சிருக்கவேணும்.

ரெண்டாவது தரம். 100 கிராம் பைக்கற் எண்டு மட்டையில போட்டிருக்கு, குறைஞ்சாப் பிரச்சினை எண்டு பயந்து பிள்ளையள் சராசரி 103 கிராம் போடுகினம். 1500 பைக்கற்றுக்கு 4.5 கிலோ தூள் ஒவ்வொரு நாளும் சும்மா போகுது. அதைக் குறைக்கவேணும் எண்டா பைக்கற்றுக்குப் பைக்கற் எவ்வளவு ஏறி இறங்குது எண்டு தெரியவேணும், அந்த ஏற்ற இறக்கம் வழமையானதோ இல்லாட்டி தராசு பிழைச்சதாலயோ எண்டு பிரிச்சுப் பாக்கத் தெரியவேணும். இதுக்குத் தான் கொன்ரோல் சார்ட். நடுவில ஒரு கோடு, மேல ஒண்டு, கீழ ஒண்டு, அரைமணிக்கொருக்கா அஞ்சு பைக்கற் எடுத்து நிறுத்துப் புள்ளி வைக்கிறது. 1924இல அமெரிக்காவில வெஸ்ரேண் எலெக்ரிக் கொம்பனியில வேலைசெய்த வோல்ரர் ஷூவார்ட் எண்டவர் ஒரு பக்கத் தாள்ல வரைஞ்சு குடுத்த யோசனை, நூறு வருசம் கழிஞ்சும் அதே மூண்டு கோடு தான். புள்ளி கோட்டுக்குள்ள இருக்கேக்குள்ள மெசினைக் கைவைக்காத எண்டது தான் அதின்ர அரைவாசிப் புத்தி. எங்கட ஆக்கள் ஒவ்வொரு பைக்கற்றுக்கும் தராசைத் திருகித் திருகித் தான் கெடுக்கிறது.

மிச்சப் பாடங்களை வேகமாச் சொல்லிவிடுறன். டிரோயிங் வாசிக்கிறது, கொம்பியூட்டர்ல கீறுறது. அளவு எடுக்கிறது, வேர்னியர், மைக்ரோமீற்றர். டிரோயிங்கில 25 எச்7 எண்டு ஒரு துளைக்குப் போட்டிருந்தா அது 25 மில்லிமீற்றரில இருந்து 25.021க்குள்ள நிக்கவேணும், அதுக்குக் கீழயும் இல்லை மேலயும் இல்லை எண்டு அர்த்தம், ஒரு தலைமயிரின்ர தடிப்பிலயும் குறைஞ்ச இடைவெளி. லேத், மில்லிங், பிறகு அதையே கொம்பியூட்டர் ஓட்டுற சிஎன்சி. கன்வேயரை, மோட்டரை, சென்சரை ஒழுங்கில நடத்துற பிஎல்சி. பொருட்களின்ர குணம், எது துருப்பிடிக்கும் எது வெடிக்கும் எண்டு. பாதுகாப்பு. பராமரிப்பு. கொஞ்சம் செலவுக் கணக்கு, ரிப்போர்ட் எழுதுற ஆங்கிலம். இதோட பொதுப்பாடம் எண்டு சமூகவியலோ வரலாறோ ஒண்டு ரெண்டு, அமெரிக்காக்காரன் டிகிரி எண்டு பேர் வைக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்ப இந்தப் படிப்பு முடிச்சவர் ஆர்? எஞ்சினியர் மெசினை வடிவமைப்பார், ஒப்பரேற்றர் மெசினை ஓட்டுவார், இவர் நடுவில நிப்பார். "இது ஏன் நேற்று 900 அடிச்சது, இண்டைக்கு 700 அடிக்குது?" எண்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டிய ஆள். மேல நிக்கிறவருக்கு நம்பரில சொல்லவேணும், கீழ நிக்கிறவருக்குக் கையால செய்து காட்டவேணும், ரெண்டு பாசையும் தெரிஞ்சிருக்கவேணும். இந்த நடு ஆளுக்கு யாழ்ப்பாணத்தில ஒழுங்கான பேரே இல்லை. கலியாணம் பேசேக்குள்ள மாப்பிள்ளை என்ன வேலை எண்டு கேட்டா "எஞ்சினியர் மாதிரி" எண்டு சொல்லுவினம், என்னையும் அப்பிடித் தான் ஒரு வீட்டில சொன்னது, அந்தக் கலியாணம் சரிவரேல்ல எண்டதையும் சொல்லிப்போட்டுப் போறன்.

இஞ்ச இதுக்குச் சமமா என்ன இருக்கு? இலங்கையில அசோசியேற் டிகிரி எண்டு பேர் இல்லாட்டியும் படி இருக்கு. என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) எண்ட ஏழு படி ஏணி, 2004இல இருந்து நடக்குது. 1இல இருந்து 4 வரைக்கும் சேர்ட்டிபிக்கேற், நாலாம் படி எண்டா ஆற்றையும் மேற்பார்வை இல்லாமல் தன்ர தொழிலைத் தானே செய்யக்கூடிய கைகாரன். 5 தேசிய டிப்ளோமா, 6 உயர் தேசிய டிப்ளோமா, 7 டிகிரி. அமெரிக்க அசோசியேற் டிகிரியைத் தூக்கி இஞ்ச வைச்சா கிட்டத்தட்ட அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவில எங்கேயோ போய் இருக்கும், ஆனா அது நான் தராசில போடுற கணக்கு, ஒவ்வொரு நாடும் தன்ர மதிப்பீட்டை தானே செய்யும்.

படிக்கிற இடம் எண்டு பாத்தா, பிறவுண் வீதியில தொழில்நுட்பக் கல்லூரி, எங்களுக்கு எப்பவும் "ரெக்னிக்கல்" தான், குருநகர்ல உயர் தொழில்நுட்பவியல் நிறுவனம், அதை ஏரிஐ எண்டு சொல்லுறது, 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்த இலங்கை உயர் தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துக்கு (எஸ்எல்ஐஏரிஈ) கீழ வருது, உயர் தேசிய டிப்ளோமா குடுக்கினம். பிறகு கிளிநொச்சி அறிவியல்நகர்ல 2016இல திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் (ஜேர்மன் ரெக்), ஜேர்மன்காரன்ர உதவியில கட்டினது, மெக்கானிக்கல், ஒட்டோமொபைல், எலெக்ரிக்கல், உணவுத் தொழில்நுட்பம் எண்டு போகுது, மெசின் பாக்க ஆசையெண்டா ஒருக்காப் போய்ப் பாருங்கோ, எங்கட காலத்தில அப்பிடி ஒண்டு இருந்திருந்தா எண்டு எனக்கு வயிறு எரியும். அதே அறிவியல்நகர்ல யாழ் பல்கலைக்கழகத்தின்ர பொறியியல் பீடமும் தொழில்நுட்பப் பீடமும் இருக்கு. 2013இல ஏ.எல்.லுக்குத் தொழில்நுட்பப் பிரிவு வந்தது, 2015இல முதல் சோதினை, அந்தப் பிள்ளையளுக்கு எண்டு தான் தொழில்நுட்பப் பீடங்கள். என்விகியூ 5, 6 முடிச்ச ஆக்கள் மேல போக இரத்மலானையில தொழிற்கல்விப் பல்கலைக்கழகம், யூனிவொரெக், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால வந்தது. ஆக, ரெக்னிக்கல்ல சேர்ந்தவனுக்கும் டிகிரிக்குப் போக வழி சட்டப்படி திறந்து கிடக்குது, ஆனா எங்கட ஆக்களுக்கு அது மனசில பதியேல்ல, "ரெக்னிக்கல் எண்டா ஏ.எல். கவுண்டவை போற இடம்" எண்ட கதை இப்பவும் ஓடுது.

இதில இன்னொரு நல்ல விசயம், படிக்காமல் தொழில் பழகினவைக்கும் ஏணியில ஏற வழி வைச்சிருக்கினம். பதினைஞ்சு வருசமா லேத்தில நிக்கிற ஒருத்தர் தன்ர அனுபவத்துக்குச் சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளருக்கு முன்னால வேலையைச் செய்து காட்டி, கோர்ஸ் படிக்காமலே என்விகியூ எடுக்கலாம், ஆர்பிஎல், அதாவது முன்னமே பழகினதை அங்கீகரிக்கிறது எண்டு பேர். எங்கட வெல்டிங் கடை, லேத் பட்டறைக்காரர் கனபேருக்கு இது தெரியாது, தெரிஞ்ச ஆக்களும் வெளிநாடு போக நிக்கேக்குள்ள தான் ஓடுவினம்.

இப்ப கஸ்ரமான இடத்துக்கு வருவம். படிச்சு முடிச்சா வேலை எங்க?

எங்கட அப்பாமார்ர காலத்தில இந்தக் கேள்விக்குப் பதில் இருந்தது. 1950இல காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை வந்தது, கீழ கிடந்த சுண்ணக்கல்லும் முருங்கனில இருந்து வந்த களிமண்ணும் சேர்த்துச் சுழலுற சூளையில 1450 பாகை அளவில சுட்டு எடுக்கிற வேலை, சூளை ஒருக்கா நிண்டாத் திரும்பச் சூடாக்க நாள்க்கணக்காகும், அதால இரவு பகலா சிப்ற். அந்தச் சிப்றை நடத்தினவை ஆர் எண்டு நினைக்கிறியள்? எஞ்சினியர்மார் கொஞ்சப்பேர், மிச்சம் எல்லாம் போர்மன், சுப்பவைசர், லாப் அசிஸ்ரன்ற், இந்த நடு ஆக்கள் தான். பரந்தனில இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவு உப்பில இருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும். 1990இல யுத்தத்தால காங்கேசன்துறை ஆலை நிண்டது நிண்டது தான். ஆலை நிண்டதோட சுவர் மட்டும் இல்லை, பக்ரறியில ஒருத்தனுக்கு ஒருத்தன் கைமாத்திக் குடுக்கிற பழக்கமும் அறுந்து போச்சுது. ஒரு தலைமுறைக்கு பக்ரறி எண்டா என்ன எண்டே தெரியாமல் போட்டுது, தெரியாத ஒண்டுக்குப் பிள்ளையை அனுப்பத் தாய்தேப்பன் பயப்படுறதில என்ன பிழை.

ஆனா அந்த யுத்தகாலப் பொருளாதாரத் தடைக் காலத்தைப் பாருங்கோ. மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓட்டினது, ஸ்ராட் பண்ண மட்டும் ரெண்டு சொட்டுப் பெற்றோல். ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்ச எண்ணெயும் பஞ்சும் திரியும் வைச்சு சிக்கன விளக்கு. சைக்கிள் டைனமோவை மிதிச்சு ரேடியோச் செய்தி. இதெல்லாம் உற்பத்தித் தொழில்நுட்பம் இல்லாமல் வேறென்ன? குறைஞ்ச பொருளில கூடின வேலை எடுக்கிறது எண்டு ரொயோட்டாக்காரன் உலகத்துக்குச் செய்து காட்டினதை எங்கட சனம் வயித்துப்பாட்டுக்குச் செய்தது. ஒரே குறை, அதை எழுதி வைக்கேல்ல, அளந்து வைக்கேல்ல, அடுத்தவன் அதில இருந்து தொடங்கேலாமல் போச்சுது. படிப்பு எண்டது அந்த எழுதி வைக்கிற பழக்கம் தான் எண்டு எனக்கு வேலையில நிண்ட பிறகு தான் விளங்கினது.

இப்ப நிலைமை நடுவில. கிளிநொச்சியில எம்ஏஎஸ் காரற்ற ஆடைத் தொழிற்சாலையள் இருக்கு, அங்க வேலையை நேரம் வைச்சு அளக்கிறதும் தாளக் கணக்கும் நிமிசத்துக்கு நிமிசம் நடக்குது, உற்பத்தித் திட்டமிடல் படிச்ச பெட்டையளும் பெடியளும் அங்க நல்லாப் பழகலாம். அச்சுவேலிக் கைத்தொழிற்பேட்டை இந்திய உதவியில திருத்தி 2014இல திரும்பத் திறந்தது. ஆனையிறவில 2025 மார்ச்சில மேசை உப்புத் தொழிற்சாலை தொடங்கினது. மிச்சம் ஐஸ் பக்ரறி, மீன், நல்லெண்ணெய், பனம்பொருள், தூள், நெல்லு மில், அலுமினிய வேலை. பெரும்பாலான சின்ன இடங்களில புரொடக்சன் ரெக்னோலொஜிஸ்ற் எண்டு ஒரு கதிரையே கிடையாது. முதலாளி, அவற்ற மருமகன், ஒரு மெக்கானிக், வேலைசெய்யிற பிள்ளையள், அவ்வளவு தான். நான் போய்ச் சேரேக்குள்ளயும் எனக்குத் தந்த பேர் "ஸ்ரோர்ஸ் பாக்கிறவர்". ரெண்டு மாசத்தில வீணாப்போற தூளைக் கணக்கெழுதிக் காட்டின பிறகு தான் மேசை ஒண்டு வந்தது. இது பெருமைக்குச் சொல்லேல்ல, இஞ்ச இந்தப் படிப்போட வாறவர் தன்ர வேலையைத் தானே உண்டாக்கவேண்டியிருக்கும் எண்டதுக்குச் சொன்னது. சம்பளமும் முதல் ரெண்டு மூண்டு வருசம் கண்ணீர் தான், மேசன் வேலைக்குப் போறவர் கூட எடுப்பார்.

வெளிநாடு எண்டா பேருகள் மாறும், அதில தான் எங்கட ஆக்கள் தடுக்கி விழுறது. அமெரிக்காவில அசோசியேற் டிகிரி. கனடாவில ஒன்ராறியோவில அந்தப் பேர் இல்லை, ரெண்டு வருசம் கொலிஜ் டிப்ளோமா, மூண்டு வருசம் அட்வான்ஸ்ட் டிப்ளோமா, பிரிட்டிஷ் கொலம்பியாவில தான் அசோசியேற் எண்ட பேரில குடுக்கினம். இங்கிலாந்தில எச்என்டி எண்ட உயர் தேசிய டிப்ளோமாவும் பவுண்டேசன் டிகிரியும் அஞ்சாம் லெவல். அவுஸ்ரேலியாவில அசோசியேற் டிகிரியும் அட்வான்ஸ்ட் டிப்ளோமாவும் ஒரே ஆறாம் லெவல். ஜேர்மனியில படிக்கட்டே வேற, மூண்டரை வருசம் கொம்பனியில சம்பளத்தோட தொழில் பழகிக்கொண்டு கிழமையில ஒண்டு ரெண்டு நாள் பள்ளிக்கூடம், பிறகு மைஸ்ரர் எண்டு ஒரு பட்டம், அதை அவை பச்சிலருக்குச் சமமான லெவலில வைச்சிருக்கினம். அங்க மைஸ்ரர் எண்டா ஊரில மரியாதை, இஞ்ச மேஸ்திரி எண்டா... விடுவம்.

விசா விசயம் அக்காவுக்கு நான் ரெண்டு தரம் திருப்பிச் சொன்னது. அமெரிக்காவில எஃப்1 எண்ட மாணவர் விசாவில அசோசியேற் டிகிரி முடிச்சா, படிச்ச துறையில வேலைபழக ஒரு வருசம் அனுமதி எடுக்கலாம். சயன்ஸ், ரெக்னோலொஜி படிச்சவைக்கு மேலதிகமா 24 மாசம் குடுக்கினம் எண்டு ஏஜென்சிக்காரர் சொல்லுவினம், அது உண்மை, ஆனா அது பச்சிலருக்கும் அதுக்கு மேலயும் தான். அசோசியேற் டிகிரிக்கு இல்லை. இந்தக் கடைசி வசனத்தை ஒரு ஏஜென்ற்றும் சொல்ல மாட்டார். எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் காணி ஈடுவைச்சுப் போய் அங்க நிண்டுதான் இதை அறிஞ்சவன். கனடாவிலயும் 2024 நவம்பர் 1க்குப் பிறகு படிப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கிற கொலிஜ் டிப்ளோமாக்காரர் குறிப்பிட்ட துறைப் பட்டியலில இருந்தாத் தான் படிச்ச பிறகு வேலை அனுமதி கிடைக்கும், அந்தப் பட்டியலையும் அவை இடைக்கிடை மாத்துகினம், அதால சேரமுதல் அண்டைய பட்டியலை நீங்களே பாக்கவேணும், சித்தப்பா சொன்னவர், நண்பன்ர அண்ணை சொன்னவர் எண்டு போகக்கூடாது.

என்ர அபிப்பிராயம் கேட்டா, அக்காவுக்குச் சொன்னது இது தான். மூண்டாம் தரம் ஏ.எல். எடுக்க ரியூசனுக்கு இன்னொரு வருசம் அலையிறதை விட அவன் இஞ்ச ஒரு டிப்ளோமாவில ஏறட்டும், மெசினுக்குப் பக்கத்தில நிக்கப் பிடிக்குதோ எண்டு முதல்ல தெரியட்டும். சில பிள்ளையளுக்கு கார் படம் பாக்கப் பிடிக்கும், கிறீஸ் கையில பட்டாப் பிடிக்காது. சத்தம், சூடு, இரவுச் சிப்ற், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பாக்கிறது, இதெல்லாம் பக்ரறிச் சீவியம், அதை யாழ்ப்பாணத்தில செலவில்லாமல் பரீட்சிச்சுப் பாக்கலாம், அமெரிக்காவில போய் டொலர் கட்டிப் பரீட்சிக்கத் தேவையில்லை. பிடிச்சிருந்தா அந்த டிப்ளோமாவோட வெளியில போனா சில கொலிஜுகள் சில பாடங்களுக்கு விலக்கும் தரும். அத்தான்ர தம்பி செலவழிக்கத் தயாராத் தான் இருக்கிறார் எண்டா, ஏஏஎஸ்ஸோ ஏஎஸ்ஸோ, இதில இருந்து எந்தக் கம்பசுக்கு எத்தினை கிரெடிற் எடுப்பினம் எண்டு எழுத்தில ஒப்பந்தம் இருக்கோ, கோர்சுக்குத் தர அங்கீகாரம் ஆர் குடுத்தது எண்டு கொலிஜுக்கே ஈமெயில் போட்டுக் கேட்கச் சொன்னன்.

அக்கா எழும்பிப் போகேக்குள்ள ஒரு விசயத்தையும் கையோட சொல்லிவிட்டனான், இது என்ர சொந்தச் சூட்டில பழகினது. இஞ்ச படிச்சாலும் அங்க படிச்சாலும் சேர்ட்டிபிக்கேற்றை மட்டும் வாங்கிக்கொண்டு வராதேங்கோ. ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தினை மணித்தியாலம் தியறி, எத்தினை மணித்தியாலம் பிரக்ரிக்கல், என்ன என்ன படிப்பிச்சது எண்டு இருக்கிற சிலபஸ் கொப்பி, சீல் குத்தி, கையெழுத்தோட வேணும். பிறகொரு நாள் வெளிநாட்டில மதிப்பீடு செய்யிறவன் பாடத்தின்ர பேரைப் பாக்க மாட்டான், மணித்தியாலத்தைத் தான் எண்ணுவான். நான் படிச்ச இடத்தில ஏழு வருசம் கழிச்சுப் போய்க் கேட்டா பழைய சிலபஸ் அலுமாரியோட போட்டுது எண்டிச்சினம், அஞ்சு மாசம் அலைஞ்சு, கடைசியில என்னோட படிச்ச ஒரு பெட்டை ஊர்காவற்றுறையில வீட்டுப் பரண்ல போட்டு வைச்சிருந்த கொப்பியை வாங்கிக்கொண்டு போய்த் தான் சீல் குத்துவிச்சனான். கறையான் கொஞ்சம் அரிச்சிருந்தது, மணித்தியாலம் எழுதின பக்கம் தப்பியிருந்தது.